ஆபீஸ் பார்க்கிங்கில் கைத்துப்பாக்கி: பெட்டியை விட கேபிள் கட்டும் இடம் முக்கியம்

டெக்சஸில் 2011 செப்டம்பர் 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஊழியர் அதைத் தன் சொந்த வண்டிக்குள் வைத்துப் பூட்டி ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்தினால், கம்பெனி அதைத் தடை செய்ய முடியாது. கம்பெனி கொடுத்த வண்டிக்கு இது பொருந்தாது. சில பள்ளிகளுக்கும், சில ரிஃபைனரி, ரசாயன ஆலை வளாகங்களுக்கும் விலக்கு உண்டு. வைக்க அனுமதி இருக்கிறது, சரி. வைத்தது மாலை வரை அங்கேயே இருக்க வேண்டுமே, அதற்காகத் துப்பாக்கியை வைத்துப் பூட்டி, சீட்டுக்கு அடியில் கேபிளால் கட்டும் இரும்புப் பெட்டியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக வேலை, படிப்பு விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. வீட்டில் ஒருவருக்கு கிரீன் கார்டு, இன்னொருவருக்கு விசா என்றால், பெட்டி உள்ளே இருக்கும் காரின் சாவியை விசாக்காரர் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

பெட்டி

சீட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியை முதலில் அளந்துகொள்ளுங்கள், பிறகு பெட்டி வாங்கலாம். கிளாக் 19 என்ற நடுத்தர மாடல் அளவுள்ள பிஸ்டலை ஹோல்ஸ்டரோடு (துப்பாக்கி உறையோடு) வைக்க, உள்ளளவு சுமார் 9 × 6 × 2 அங்குலம் வேண்டும். இரும்பின் தடிமனை கேஜ் கணக்கில் சொல்வார்கள். இதில் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும். 18 கேஜ் என்பது வெறும் 1.2 மில்லிமீட்டர். மூடியின் மூலையில் பெரிய ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் வளைந்துவிடும். 16 கேஜ் (1.5 மி.மீ.) இல்லாமல் வாங்காதீர்கள். முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலுக்குள் பொருத்தும் 12 கேஜ் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

பூட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு சாதாரணச் சாவிக்கே. மூன்று இலக்க நம்பர் பூட்டில் மொத்தமே 1000 வாய்ப்புகள்தான். ஒன்றுக்கு 2 விநாடி என்றால் அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் எல்லாம் முடிந்துவிடும். புதிதாக வரும்போது 0-0-0 என்றுதான் இருக்கும், அதைக்கூட மாற்றாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். கைரேகைப் பூட்டு வீட்டுக்குச் சரி, காருக்குச் சரிப்படாது. வியர்த்த விரலை அது ஏற்காது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது டேஷ்போர்டின் சராசரிச் சூடு 157 டிகிரி. சீட்டுக்கு அடியில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் கைரேகைப் பூட்டின் பேட்டரி ஆயுள் குறையும்.

கேபிள்: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

பெட்டியோடு இரண்டு முனையிலும் வளையம் உள்ள ஸ்டீல் கேபிள் வரும். அதைத் தலைச்சாய்ப்பின் கம்பியில் மாட்டினால் பயனில்லை, பட்டனை அழுத்தினால் தலைச்சாய்ப்பு கழன்று கையோடு வந்துவிடும். சீட்டின் பிளாஸ்டிக் உறையைச் சுற்றினால் ஒரே இழுப்பில் உடையும். டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டைத் தரையோடு பிணைக்கும் இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு முனையை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனை வளையத்துக்குள் நுழைத்துச் சுருக்குப் போல இறுக்குங்கள். மீதி முனையைப் பெட்டிக்குள் இருக்கும் முளையில் மாட்டி மூடிப் பூட்டுங்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர்கள் தெரியும். அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. கேபிள் அவற்றில் உரசவே கூடாது, இழுபட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்திலும் கட்டாதீர்கள். கட்டி முடித்ததும் சீட்டை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். சில கார்களில் கதவைத் திறந்ததும் மோட்டார் சீட்டைத் தானாகப் பின்னுக்குத் தள்ளும். அப்போது கேபிள் நசுங்கும், அல்லது பெட்டி இழுபட்டு வெளியே எட்டிப் பார்க்கும். அந்த வசதியை மெனுவில் அணைத்துவிடுவது நல்லது.

போல்ட் கட்டர் வைத்திருப்பவன் கேபிளைச் சில விநாடிகளில் வெட்டிவிடுவான். ஆனால் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கைக்கு எட்டியதை வாரிக்கொண்டு ஓடுபவன்தான் அதிகம். கேபிள் அவனுக்கானது.

செடான் வைத்திருப்பவர்கள் “டிக்கியில் போட்டால் போதாதா?” என்பார்கள். கண்ணாடியை உடைத்தவன் உள்ளேயிருந்து டிக்கி பட்டனைத் தட்டலாம், பின்சீட்டை மடித்துக் கையை விடலாம். அங்கேயும் கட்டித்தான் வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2017 முதல், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டால் பூட்டிய டிக்கியில், அல்லது கண்ணில் படாத பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். க்ளவ் பாக்ஸ் அங்கே பெட்டிக் கணக்கில் சேராது.

வைக்கும் நேரம்

வீட்டு கராஜிலேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஆபீஸ் பார்க்கிங்கில் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ தள்ளுவதை யாராவது பார்த்துவிட்டால் இவ்வளவு ஏற்பாடும் வீண். துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலிருந்து உருவ வேண்டாம். டிரிகரை முழுக்க மூடும் ஹோல்ஸ்டரோடு சேர்த்து ஒரே பொருளாக வைப்பதும் எடுப்பதும்தான் பாதுகாப்பு. குறுகிய இடத்தில் வெறும் துப்பாக்கியைக் கையாளும்போதுதான் தவறிச் சுடுவது நடக்கிறது. பம்பரில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்து எறியுங்கள், அது திருடனுக்கு வைத்த விளம்பரப் பலகை.

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் ஹூஸ்டன் மாதிரி ஊரில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடில் துரு பூக்கும். ஒரு சிலிகா ஜெல் பையைப் போட்டு, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். காரை ஆயில் மாற்ற விடும்போதும், காரை நிறுத்தித் தரும் வேலட்டிடம் சாவி கொடுக்கும்போதும் பெட்டி காலியாக இருக்கட்டும். இரவில் துப்பாக்கி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

துப்பாக்கியின் ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதியில்) பொறித்திருக்கும் சீரியல் நம்பரை இன்றே போட்டோ எடுத்து, காரில் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள். திருடு போனால் அந்த நம்பர் இருந்தால்தான் போலீஸ் அதைத் திருட்டுத் துப்பாக்கிகளின் தேசியப் பட்டியலில் ஏற்ற முடியும்.