பயணத்தில் நெட்: பில்லும் எகிறக் கூடாது, பாஸ்வேர்டும் பறிபோகக் கூடாது

விமானம் தரையைத் தொட்டதும் கேபின் முழுக்க டிங் டிங் என்று போன்கள் கத்த ஆரம்பிக்கும், கேட்டிருப்பீர்கள். ஃபிளைட் மோடை எடுத்த அந்த நொடியே போன் புது ஊர் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மெயில், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ, ஆப் அப்டேட், நேற்று எடுத்த போட்டோக்களின் பேக்கப் என்று எல்லாவற்றையும் ஓடவிடும். என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் இதுதான் நடந்தது. பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றேன், போன் பாக்கெட்டில்தான் இருந்தது, அந்த இருபது நிமிடத்துக்கு வந்த ரோமிங் பில் என் மாதக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதனால்தான் கீழே சொல்லியிருப்பதில் முக்கால்வாசி, கிளம்புவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்யும் வேலையாக இருக்கிறது.

படி 1: உங்கள் போன் தயாரா என்று பாருங்கள்

டயல் பேடில் *#06# என்று அழுத்துங்கள். உங்கள் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். அதோடு இஐடி என்று 32 இலக்கத்தில் இன்னொரு எண்ணும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் போடலாம், அதாவது அட்டை இல்லாமல் நெட்டிலிருந்து போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம். வராவிட்டால் கவலையில்லை, சாதாரண சிம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, போன் லாக் ஆகியிருக்கிறதா, அதாவது ஒரே கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபரேட்டரிடமே தவணையில் வாங்கிய போன் என்றால் அநேகமாக இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் கேரியர் லாக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் லாக் இல்லை. ஆண்ட்ராய்டில் சுலபமான வழி, வேறு கம்பெனி சிம்மை நண்பரிடம் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. லாக் இருந்தால் இப்போதே ஆபரேட்டரிடம் எடுக்கச் சொல்லுங்கள், சில நாள் ஆகலாம்.

படி 2: எந்த வழி?

இருப்பது மூன்று வழி. உங்கள் சிம்மிலேயே ரோமிங் பேக் போடுவது, போன இடத்தில் லோக்கல் சிம் வாங்குவது, பயண இ-சிம் வாங்குவது.

இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் ரோமிங் பேக் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், காசு கொஞ்சம் கூட ஆனாலும் தலைவலி இல்லை. ஒரு மாதம் தங்கப் போகிறீர்கள், அந்த ஊர் நம்பரும் வேண்டும் என்றால் லோக்கல் சிம்தான் கட்டுப்படியாகும். பல நாடுகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், விமான நிலையக் கவுன்டரைவிட ஊருக்குள் விலை பெரும்பாலும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பயணங்களுக்கு என் ஓட்டு இ-சிம்முக்கு. ஐரோப்பிய ஒன்றியத்து சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே போய் ஏமாறாதீர்கள்.

இ-சிம் வாங்கும்போது மூன்று விஷயம் படியுங்கள். பெரும்பாலான பயண இ-சிம்களில் டேட்டா மட்டும்தான், போன் நம்பர் வராது. செல்லுபடி நாள் எப்போது ஆரம்பிக்கிறது, இன்ஸ்டால் செய்த அன்றா அல்லது அங்கே நெட்வொர்க்கைப் பிடித்த அன்றா? அப்புறம் 'அன்லிமிடெட்' என்ற வார்த்தை. ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தை ஆமை நடைக்கு இறக்கிவிடுவோம் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

எத்தனை ஜிபி வாங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். மேப், மெசேஜ், டாக்சி ஆப் எல்லாம் சேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் சாப்பிடாது. சாப்பிடுவது வீடியோ. நெட்ஃப்ளிக்ஸே சொல்லும் கணக்குப்படி தரம் குறைந்த வீடியோ மணிக்கு சுமார் 0.3 ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரை. அதாவது ஒரு படத்தை எச்டியில் பார்த்தால் ஒரு வாரத்துக்கு வாங்கிய பேக்கே காலியாகிவிடலாம். படங்களை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு போங்கள்.

படி 3: இ-சிம்மை வீட்டிலேயே இன்ஸ்டால் செய்யுங்கள்

இன்ஸ்டால் செய்யவே நெட் வேண்டும். இதை யோசிக்காமல் விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை விட்டேன். மெயிலில் க்யூஆர் கோடு வந்திருக்கிறது, அது இருப்பது அதே போனின் திரையில், அந்தத் திரையை அதே போனின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது? கடைசியில் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கெஞ்சி, அவர் போனுக்கு அந்தப் படத்தை அனுப்பி, அவர் பிடித்துக்கொண்டிருக்க நான் ஸ்கேன் செய்தேன். புது ஐபோன்களில் அந்தப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்தாலே இ-சிம் சேர்க்கவா என்று கேட்கும். மற்றவற்றில் மெயிலில் கோடுக்குக் கீழே இருக்கும் முகவரியையும் ஆக்டிவேஷன் கோடையும் கையால் டைப் செய்யலாம். அதெல்லாம் வேண்டாம், லேப்டாப்பில் கோடைத் திறந்து ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். நெட் வரவில்லையே என்று பதற்றத்தில் இ-சிம்மை டெலிட் செய்துவிட்டால் அவ்வளவுதான், காசு போச்சு. அணைத்துப் போடுங்கள், அழிக்காதீர்கள்.

இன்ஸ்டால் ஆனதும் இரண்டு சிம்முக்கும் பெயர் வையுங்கள், 'வீடு', 'பயணம்' என்று. இப்போது குழப்பமான இடம் வருகிறது. 'வீடு' சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைக்க வேண்டும். 'பயணம்' சிம்மில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டும். ஆம், ஆன்தான். அந்த இ-சிம்மும் அந்த நாட்டு நெட்வொர்க்குக்கு விருந்தாளி, அதனால் ரோமிங் இல்லாமல் அதற்கு நெட் வராது, அதன் காசைத்தான் நீங்கள் முன்பே கட்டிவிட்டீர்களே. மொபைல் டேட்டாவுக்கு 'பயணம்' சிம்மைத் தேர்ந்தெடுங்கள். சிக்னல் குறைந்தால் அடுத்த சிம்முக்குத் தானாகத் தாவும் வசதி ஒன்று இருக்கும், அதையும் கையோடு அணைத்துவிடுங்கள்.

படி 4: ஓடிபி

வீட்டு சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்கள்தான், அங்கே போய் பேங்க் ஓடிபி வராமல் தவிப்பவர்கள். சிம் போனிலேயே இருக்கட்டும், டேட்டா அணைந்திருந்தாலும் எஸ்எம்எஸ் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பல ஆபரேட்டர்கள் காசு வாங்குவதில்லை, ஆனால் அழைப்பை எடுத்தால் வாங்குவார்கள். உங்கள் திட்டத்தில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்த கணக்குகளுக்கெல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் ஆதென்டிகேட்டர் ஆப் (லாகினுக்கான கோடைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆப்) வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, அதற்கு நெட்டும் வேண்டாம் சிக்னலும் வேண்டாம். போன் கையில் இல்லாதபோது கணக்கில் நுழைய உதவும் பேக்கப் கோடுகளை ஒரு தாளில் எழுதி, போன் இல்லாத பையில் வையுங்கள். வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும். நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 5: டேட்டா ஒழுகும் இடங்களை அடைத்துவிடுங்கள்

போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோடு மூன்றையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர், ஐபோனில் லோ டேட்டா மோடு ஆன் செய்யுங்கள். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: லேப்டாப்புக்கு உங்கள் போனும் ஒரு வைஃபைதான், கிடைத்தது வாய்ப்பு என்று சிஸ்டம் அப்டேட்டை இறக்க ஆரம்பித்துவிடும். விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவிடுங்கள்.

கூகுள் மேப்ஸில் போகும் ஊரை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டேட்டா தேவையே இல்லை. மொழிபெயர்ப்பு ஆப்பிலும் அந்த மொழியை முன்பே இறக்கிவிடலாம்.

படி 6: பொது வைஃபை

2010இல் ஃபயர்ஷீப் என்று, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்சி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு காபிக் கடையில் உட்கார்ந்தால் அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்கில் ஒரு க்ளிக்கில் நுழையலாம். இன்று பெரும்பாலான தளங்கள் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸில் ஓடுவதால் அப்படி ஒட்டுக்கேட்பது லேசில்லை. இப்போதைய ஆபத்து போலி நெட்வொர்க். ஹோட்டல் பெயரிலேயே இன்னொருவர் வைஃபை வைத்து, லாகின் பக்கத்தில் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்பார். சரியான பெயரை ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். ரூம் நம்பர் கேட்டால் கொடுக்கலாம், மெயில் பாஸ்வேர்டு கேட்டால் உடனே துண்டியுங்கள். சர்டிபிகேட் (தளத்தின் அடையாளச் சான்று) சரியில்லை என்று பிரவுசர் சிவப்பாகக் காட்டினால் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தாதீர்கள். பேங்க் வேலைக்கு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வது என் பழக்கம், நிமிட வேலைக்குச் சில எம்பிதான்.

விபிஎன் (உங்கள் இணைப்பைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) நல்லதுதான், ஆனால் அதோடு உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்தக் கம்பெனி வழியாகப் போகிறது. முகம் தெரியாத இலவச விபிஎன்னைவிட ஒன்றும் இல்லாமலிருப்பது மேல். சில நாடுகளில் விபிஎன்னுக்குக் கட்டுப்பாடும் உண்டு, போகும் முன் பாருங்கள். பொது வைஃபையின் லாகின் பக்கம் வராமல் அடம்பிடித்தால் விபிஎன்னை ஒரு நிமிடம் அணைத்து, லாகின் முடித்து, மறுபடி ஆன் செய்யுங்கள்.

படி 7: இறங்கியதும்

ஃபிளைட் மோடை எடுங்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள். நெட் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: 'பயணம்' சிம்மில் ரோமிங் ஆனா, செட்டிங்ஸில் இருக்கும் ஏபிஎன் (டேட்டா இணைப்பின் பெயர்) விற்றவர் சொன்ன அதேதானா, ஒரு ரீஸ்டார்ட், அப்புறம் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுப்பது. நெட் வந்த பிறகு தளங்கள் சம்பந்தமில்லாத வேறொரு நாட்டு மொழியில் திறந்தால் பயப்பட வேண்டாம். பல இ-சிம்களின் டேட்டா மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகத்தான் வெளியே போகிறது. பேங்க் ஆப் முறைத்துக்கொள்வதும் சில நேரம் இதனால்தான்.

கப்பலில் ஏறினால் மறுபடி ஃபிளைட் மோடு. கரையின் சிக்னல் போனதும் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கும், அதன் கட்டணம் தனி ரகம், உங்கள் பேக்கில் அநேகமாகச் சேராது.

கடைசியாக, போன் தொலைந்தால். உள்ளே இருக்கும் சிம்மை எடுத்து வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும், அதனால் சிம்முக்கு பின் நம்பர் (PIN) போடுங்கள். பழைய பின் நம்பர் என்ன என்று கேட்கும்போது குத்துமதிப்பாக அடிக்காதீர்கள், ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க 8 இலக்க பியுகே எண் வேண்டும். சிம் வந்த அட்டையில் பெரும்பாலும் அது இருக்கும், இப்போதே தேடி எடுத்து, பேக்கப் கோடு எழுதிய அதே தாளில் எழுதிவையுங்கள்.