பழனி மலையில் டிரெக்கிங் குடில்: தண்ணீர், கழிப்பறை, அடுப்பு, தீ

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் மேல்தட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், வண்டி போகாத பாதையில், சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு தங்கும் குடில் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பதை மார்ச் மாத ஊற்றுதான் சொல்லும். கட்டில் வாங்குவதற்கு முன் ஒரு கோடை முழுக்க ஊற்றை அளந்து பாருங்கள்.

அதற்கும் முன் காகித வேலை உண்டு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால் அதன் ஒப்புதல் இல்லாமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. மரம் வெட்டுவதை 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் அது பொருந்தும். குடிலுக்கு வரும் பாதை காப்புக்காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி தனி. சாப்பாடு போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

ஊற்றை அளப்பது

பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஜனவரியிலிருந்து கோடை மழை வரும்வரை வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், காலையில் அளந்து எழுதிவையுங்கள். மிகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. வாளி நிறைய 16 நிமிடம் ஆனால் ஒரு நாளைக்கு 900 லிட்டர். அதில் பாதியை ஓடைக்கே விட்டுவிடுங்கள். கீழே சோலைக்காடும், காட்டுமாடும், அதற்கும் கீழே இருக்கிற ஊரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மீதி 450 லிட்டர்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் கணக்கு வையுங்கள்: குடிக்க 4, சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 10, கழிப்பறைக்கும் கைகழுவவும் 6, குளிக்க அரை வாளி வெந்நீராகப் பத்து. அப்படியானால் 450 லிட்டரில் 15 பேர். வேலையாட்கள் மூன்று பேர் போக 12 விருந்தினர். மழைக்காலத்தில் ஊற்று பெருகுகிறதே என்று 20 கட்டில் போட்டால், கோடையில் முன்பதிவை ரத்து செய்ய மனம் வராது. கடைசியில் ஓடையின் பங்குதான் பறிபோகும்.

ஊற்றைச் சுற்றிக் கல்கட்டில் சிறு பெட்டி கட்டி மூடுங்கள். நீர் வரும் பக்கம் சுண்ணாம்புச் சாந்து போடாமல் வெறும் கல்லடுக்கு, மேலே பூட்டக்கூடிய மூடி, வலை கட்டிய வழிந்தோடி. மேட்டுப்பக்கம் எட்டு மீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டினால் மழைநீர் சேற்றோடு உள்ளே இறங்காது. குழாயை முக்கால் முழமாவது மண்ணுக்குள் புதையுங்கள். வெளியே கிடந்தால் காட்டுமாடு மிதித்து உடைக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் விடியற்காலை உள்ளே நீர் உறையும். குழாய் வழியில் ஏறி இறங்கும் மேடு இருந்தால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். ஊற்றில் தண்ணீர் இருந்தும் தொட்டிக்கு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மேட்டின் உச்சியில் ஒரு சிறு வால்வு வைத்தால் திறந்து காற்றை விட்டுவிடலாம்.

தொட்டி ஆயிரம் லிட்டரில் இரண்டு, கறுப்பு நிறத்தில். ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு மக்கில் குழைத்து, தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் ஒரு மணிநேரம் விட்டுவிடுங்கள். பிறகு குழாய்முனையில், குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் பவுடர் ஈரம் கண்டு வீரியம் இழந்திருக்கும். மலையில் மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். கால் கிலோ டப்பாக்களாக வாங்குங்கள்.

கூரை நீரையும் விடாதீர்கள். 60 சதுர மீட்டர் தகரக்கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சிதறல் போக 480 லிட்டர் கிடைக்கும். முதல் 60 லிட்டர் கூரை அழுக்கோடு வரும், அதைத் தனிக்குழாயில் வெளியேற்றிவிட்டு மற்றதைத் துவைக்கவும் தரை கழுவவும் வையுங்கள்.

கழிப்பறை

தண்ணீர் ஊற்றும் கழிப்பறை இங்கே ஒத்துவராது. ஒருமுறை ஊற்ற ஆறேழு லிட்டர். ஆளுக்கு நாலைந்து முறை போனால் முழுநாள் பங்கும் அதிலேயே தீர்ந்துவிடும். செப்டிக் டேங்க் குளிரில் மந்தமாக வேலை செய்யும், பாறைச் சரிவில் அதன் கசிவு கீழ் ஓடையில் போய்ச் சேரும். முசிறியில் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் ஈகோசான் முறைதான் இதற்குத் தோதானது: மலம், சிறுநீர், கால்கழுவும் நீர் மூன்றுக்கும் தனித்தனித் துளை உள்ள பீங்கான்.

15 பேருக்கு இரண்டு கழிப்பறை, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு அறை. அறையைத் தரைக்கு மேலே கட்டுங்கள், பள்ளம் தோண்டக் கூடாது. ஒரு அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். வருடத்துக்குச் சுமார் 2,700 தடவை பயன்பாடு, ஒரு தடவைக்குத் தூளோடு சேர்த்து 300 மில்லி என்று வைத்தால், ஒரு ஜோடி அறை (கழிப்பறைக்கு ஒன்றாக இரண்டு) நிறைய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அது நிறைந்ததும் மூடி முத்திரையிட்டு மறு ஜோடிக்கு மாறுங்கள். சமவெளியில் ஒரு வருடம் போதுமான மக்கல், 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் கேட்கும். அவசரப்பட்டுத் திறந்தால் குடற்புழு முட்டை உயிரோடு இருக்கும். மக்கியதையும் காய்கறிப் பாத்திக்குப் போடாமல் பழமரத்தடியில் புதைப்பது நல்லது.

ஒவ்வொரு முறையும் இரண்டு கைப்பிடி மரத்தூள். கேஸ் அடுப்பு வைத்திருந்தால் சாம்பல் கிடைக்காது. கீழே மரம் அறுக்கும் மில்லில் வருடத்துக்குப் பதினைந்து சாக்கு எடுத்து, நாலுக்கு ஒன்று சுண்ணாம்புத்தூள் கலந்து ஈரம் படாமல் வையுங்கள். காற்றுக்குழாய் நான்கு அங்குலம், கூரைக்கு மேல் அரை மீட்டர் நீட்டி, முனையில் ஈ வலை.

நாற்றம் அடித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அறைக்குள் தண்ணீர் போயிருக்கிறது. யாரோ தப்பான துளையில் கால் கழுவியிருப்பார், அல்லது கூரை ஒழுகும். மறுபடி தூள் போட்டு, காற்றுக்குழாயில் சிலந்திவலை அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கதவின் உட்பக்கம் மூன்று துளைக்கும் படம் வரைந்து ஒட்டுவதோடு, வந்தவுடன் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடும் இடத்தில்தான் இந்தக் கழிப்பறை கெட்டுப்போகிறது. கழுவும் நீரையும் பாத்திர நீரையும் ஓடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, ஜல்லி நிரப்பிய கால்வாயில் கோரையோ கல்வாழையோ நட்டு அதில் விடுங்கள். பாத்திர நீர் போகும் வழியில் எண்ணெய் தேங்க ஒரு சிறு தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் ஜல்லி அடைத்துவிடும்.

அடுப்பும் சாப்பாடும்

சோலையில் விழுந்து கிடக்கும் விறகும் காட்டுக்கே உரியது. பூஞ்சையும் முளைக்கும் நாற்றும் அதில்தான் வளர்கின்றன. கேஸ் வையுங்கள். மூன்று வேளைச் சமையலும் டீயும் வெந்நீரும் சேர்த்து ஆளுக்கு 120 கிராம் என்று கணக்கிட்டால், குடில் நிறைந்த நாட்களில் 19 கிலோ வணிக சிலிண்டர் பத்து நாள் வரும். இரும்போடு அது 35 கிலோவைத் தாண்டும், ஆள் தலையில் ஏற்றாதீர்கள். ரோடு இல்லாத மலை ஊர்களுக்குச் சாமான் போவதுபோல் குதிரையில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டி ஏற்றுங்கள். ஆள் சுமை என்றால் 20 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு மைய வேக வெகுநேரம் ஆகும், கேஸ்தான் தீரும். பெரிய குக்கர் இரண்டு கட்டாயம். கொண்டைக்கடலையை வெதுவெதுப்பான நீரில் 12 மணிநேரம் ஊறவையுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுப்பீர்கள் என்றால் நன்றாகத் தளதளத்தபின் மூன்று நிமிடம் விடுங்கள். இட்லி மாவு இங்கே ஒரு ராத்திரியில் புளிக்காது. சாமைப் பொங்கல், கேழ்வரகுப் புட்டு, உப்புமா என்று காலை உணவை அமைத்துக்கொண்டால் அந்தத் தொல்லையே இல்லை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத் தலையை எண்ணி, ஆளுக்கு 150 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு என்று அளந்து போடுங்கள். மிஞ்சிய சோறு வெளியே விழுந்தால் காட்டுப்பன்றியும் கரடியும் மறுநாள் வாசலுக்கு வரும். பூண்டு, உருளை, பீன்ஸ் ஆகியவற்றைப் பாதையில் உள்ள ஊரிலேயே வாங்குங்கள்.

குப்பையை மேலே கொண்டுவந்த பிறகு பிரிப்பதைவிட, அடிவாரத்திலேயே உறை பிரித்துத் துணிப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் மாற்றி ஏற்றுவது பாதி வேலையை முடித்துவிடும். பாக்கெட் பாலுக்குப் பதில் பால்பவுடர்: ஒரு கிலோவில் எட்டு லிட்டர் பால். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, அதைக் குடிலிலும் கண்டிப்பாகப் பிடியுங்கள். விருந்தினர் கொண்டுவரும் பிஸ்கட் உறை, சானிட்டரி நாப்கின் உள்பட எல்லாம் அவர்களோடு இறங்க வேண்டும். நாப்கினுக்கு மூடியுள்ள சிறு டப்பா கொடுத்தனுப்புங்கள். எரிப்பதும் புதைப்பதும் கூடாது.

ஆல்ப்ஸ் மலைக் குடில்களில் மெல்லிய துணிப்பை இல்லாமல் கம்பளிக்குள் படுக்க விடமாட்டார்கள். அந்த வழக்கம் இங்கும் பொருந்தும்: ஆளுக்கொரு தைத்த காட்டன் பை கொண்டுவரச் சொன்னால் கம்பளியைப் பருவத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும்.

மின்சாரத்துக்கு 330 வாட் சோலார் பேனல் ஒன்றும், 12.8 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்றும் போதும். விளக்கு, போன் சார்ஜ், வாக்கி-டாக்கி சேர்த்து நாளுக்கு அரை யூனிட். மூடுபனி மூன்று நாள் நின்றாலும் தாங்கும். பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறக் கூடாது, ஆகவே வீட்டுக்குள் வையுங்கள். மின்சாரக் கெட்டில், இன்டக்‌ஷன் வேண்டாம். முகட்டில் இடி விழும். எர்த் கம்பி இல்லாமல் பேனலை மாட்டாதீர்கள்.

தீ

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். போதைப்புல் என்னும் மலைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். ஜனவரி முதல் வாரத்துக்குள் குடிலைச் சுற்றிப் பத்து மீட்டருக்குப் புல்லை வெட்டி அப்புறப்படுத்துங்கள். கூரை வாய்க்காலில் சருகு தங்கக் கூடாது. தொட்டி ஒன்றின் அடியில் 200 லிட்டர் எப்போதும் தொடாமல் நிற்கும்படி குழாயை உயர்த்தி வையுங்கள். வனத்துறை பாதைகளை மூடும் வாரங்களில் குடிலையும் மூடுங்கள்.

புகை தெரிந்தால் விருந்தினரை மேட்டுப்பக்கம் ஓடவிடாதீர்கள், ஓடைப் பள்ளத்துக்குள்ளும் இறக்காதீர்கள். பள்ளம் புகைபோக்கியாக மாறும். வெட்டவெளிப் பாறைத்தளத்துக்கோ ஏற்கெனவே எரிந்து அணைந்த தரைக்கோ கூட்டிப்போங்கள். அந்த இரண்டு இடங்களையும் பருவத் தொடக்கத்திலேயே வேலையாட்களோடு நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். தினமும் மாலை வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களையும், மறுநாள் அவர்கள் எந்தப் பாதையில் இறங்குகிறார்கள் என்பதையும் வாக்கி-டாக்கியில் கீழ் ஊருக்குச் சொல்லிவிடுங்கள். இறங்கிச் சேர்ந்ததும் அங்கிருந்து திருப்பிச் சொல்ல ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள்.