வாடுவதற்கு முன்பே வேருக்கு நுண்ணுயிரி கொடுங்கள்

இலை சுருண்டு செடி தலை தொங்கிய பிறகுதான் பலருக்கு நுண்ணுயிர் உரம் ஞாபகம் வருகிறது. அப்போது ஊற்றிப் பெரிய பயன் இல்லை. பாக்டீரியா வேரில் ஒட்டிப் பெருக நாட்கள் வேண்டும், வேர்ப்பூஞ்சை (வேரோடு கூட்டு சேர்ந்து வாழும் நன்மை தரும் பூஞ்சை) என்றால் சில வாரங்கள்கூட ஆகும். அதனால் விதைக்கும்போதோ நாற்று நடும்போதோ கொடுத்துவிடுங்கள்.

அவை அங்கே என்னதான் செய்கின்றன? வறட்சி, உப்பு, தேங்கிய தண்ணீர் என எது வந்தாலும் செடி எத்திலீன் என்ற வாயு ஹார்மோனைக் கூடுதலாக உண்டாக்கும். அளவு மீறினால் வேர் வளர்ச்சி மட்டுப்படும், இலை சீக்கிரமே பழுத்து உதிரும். இந்த எத்திலீன் ஏசிசி என்ற பொருளிலிருந்து உருவாகிறது. வேரைச் சுற்றி வாழும் சில சூடோமோனாஸ், பேசில்லஸ் பாக்டீரியா ரகங்களிடம் ஏசிசியை உடைக்கும் நொதி இருக்கிறது. வேரிலிருந்து கசிவதை அவை தின்னத் தின்ன செடிக்குள் எத்திலீன் குறைகிறது, வேரும் கஷ்டகாலத்தில் அவ்வளவு சீக்கிரம் நின்றுவிடுவதில்லை. இன்னும் சில பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான பல்சர்க்கரையைச் சுரந்து மண்ணை வேரோடு ஒட்டவைத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பதால் பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகும். வேர்ப்பூஞ்சையோ, வேர்த்தூவி நுழைய முடியாத இடுக்குகளிலும் தன் இழைகளை விட்டு நீரையும் பாஸ்பரஸையும் கொண்டுவருகிறது.

சரி, எப்படிக் கொடுப்பது? விதை என்றால், கொஞ்சம் சர்க்கரைக் கரைசலைத் தெளித்து, பொட்டலத்தில் சொன்ன அளவு நுண்ணுயிர்ப் பொடியைச் சேர்த்து, எல்லா விதையிலும் மெல்லிசாகப் படியும்படி புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிரிகள் செத்துப்போகும். பூஞ்சைக்கொல்லியும் போடுவதாக இருந்தால் முதலில் அது, கடைசியில் நுண்ணுயிரி, அதுவும் இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்த்த பிறகு. நாற்றுக்கு இன்னும் சுலபம்: கரைசலில் வேரை அரைமணி நேரம் நனைத்து நட்டால் போதும்.

வேர்ப்பூஞ்சையை மண் மேலே தூவிவிட்டுப் போகாதீர்கள். உயிருள்ள வேர் இல்லாமல் அதால் பிழைக்க முடியாது, அதனால் குழியில் வேரைத் தொடும்படி போடவேண்டும். முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட்டுக்கு இது வேண்டாம், அந்தக் குடும்பங்கள் பொதுவாக இந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை. பாஸ்பரஸ் உரத்தை அள்ளிக் கொட்டிய மண்ணிலும் பலன் குறைவு. கேட்காமலே கிடைக்கும்போது செடி எதற்காகப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்துப் பாஸ்பரஸ் வாங்கப்போகிறது?

இலையில் தெளிக்க மெத்தைலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருக்கிறது, பிபிஎஃப்எம் என்று விற்பார்கள். இலையிலிருந்து கசியும் மெத்தனால்தான் இதற்குச் சாப்பாடு. மாலையில் தெளியுங்கள், கூடவே பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து எதையும் கலக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள் (குளோரமின் கலந்த தண்ணீர் இப்படித் தெளியாது, மழைநீர் நல்லது). வாங்கும்போது காலாவதி தேதியோடு பொட்டலம் வெயிலில் கிடந்ததா என்றும் பாருங்கள். பேசில்லஸ் வித்தாக (கெட்டியான உறை கொண்ட உறக்கநிலை) மாறி ஓரளவு தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி கிடையாது, சூட்டில் வைத்த பொட்டலம் வெறும் பொடிதான்.

கொடுத்த பிறகு அவற்றைக் கொல்லாமல் இருப்பதுதான் பாதி வேலை. மட்கிய உரம் போடுங்கள், மண்ணை மூடாக்கால் மூடுங்கள், செம்பு கலந்த மருந்துகளை வேர்ப்பகுதியில் ஊற்றாதீர்கள், சும்மா சும்மா கிளறிப் பூஞ்சை இழைகளை அறுக்காதீர்கள். அப்புறம் தண்ணீரே விடாமல் பயிர் வளரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். செடி தாக்குப்பிடிக்கும் காலம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

பலன் தெரிய ஒரு வரிசைக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டுவையுங்கள். மண் காயும் காலத்தில் இரண்டிலும் எது முதலில் வாடுகிறது, தண்ணீர் விட்டதும் எது முதலில் நிமிர்கிறது என்று கவனியுங்கள். பிறகு வரிசைக்கு ஒரு செடியை மண்ணோடு தோண்டி லேசாக உதறுங்கள்: நுண்ணுயிரி பிடித்த வேரில் பெரும்பாலும் மண் உறை மாதிரி ஒட்டியிருக்கும், மற்றது வெறும் வேராக வரும். பயறுவகைக்கு ரைசோபியம் (வேர்முடிச்சில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) கொடுத்திருந்தால் வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு நைட்ரஜன் பிடிக்கவில்லை.