புலிமுகச் சிலந்தியை இனம் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி தெரிந்தால் போதும், ‘டாரன்டுலா’ என்று படம் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கரப்பான் பிடிக்க வந்த தட்டையான வீட்டுச் சிலந்திதான். பல்லைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வீட்டுச் சிலந்தியின் இரண்டு நச்சுப் பற்களும் இடுக்கி போல ஒன்றை நோக்கி ஒன்று மூடும். டாரன்டுலாக் குடும்பமான தெரபோசிடேயில் இரண்டும் பக்கம் பக்கமாகக் கீழ்நோக்கி இறங்கும். வயிற்றின் அடியில் நான்கு வெளிர் திட்டுகள், அதாவது இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்கள் (ஏடுகள் போல் அடுக்கிய மூச்சு உறுப்புகள்) இருக்கும். வீட்டுச் சிலந்திக்கு ஒரு ஜோடிதான். இதற்காக உயிருள்ள சிலந்தியைப் புரட்ட வேண்டாம், அது உரித்துப் போட்ட சட்டை கிடைத்தாலே போதும்.

நம் பக்கத்து டாரன்டுலாக்களில் பெயர் பெற்றது பொசிலோதீரியா. ஈழத்தில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும், பல இனங்கள் அடங்கிய பேரினம் இது. மரப்பொந்துதான் வீடு.

அடுத்த தவறு, முதுகுப் பக்கப் படத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்வது. மேலிருந்து பார்த்தால் பல இனங்கள் ஒரே மாதிரி சாம்பல் கோலத்தோடு இருக்கும், குஞ்சுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பருவமடைந்த ஆணோ மெலிந்து, நிறம் மங்கி, வேறு இனம் போலவே தெரியும். வேறுபாடு கால்களின் அடிப்பக்கத்தில் இருக்கிறது: முதல் காலிலும் நான்காம் காலிலும் மஞ்சள், கறுப்பு, வெளிர்ப் பட்டைகள் எந்தக் கணுவில் தொடங்கி எங்கே முடிகின்றன என்பதில். 2012இல் வட இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா ராஜேயியைத் தனி இனமாகப் பிரிக்க உதவியவை, அந்தக் கால்களின் அடியில் இருந்த மஞ்சள், சாம்பல் கோலமும் வயிற்றடியில் ஓடிய இளஞ்சிவப்புப் பட்டையும்தான். கால்களை விரித்தால் சுமார் 20 செ.மீ. வரும் அந்தச் சிலந்தி, மாங்குளம் மருத்துவமனையின் பழைய குடியிருப்பிலும் கண்ணில் பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய உயிரி 2012 வரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது பாருங்கள்.

முதல் மாதிரி கிடைத்த ஊரையே சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்வதும் வழக்கம். நீல நிற பொசிலோதீரியா மெட்டாலிகாவின் கதை இதற்கு நல்ல பாடம். பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் 1899இல் அதற்குப் பெயரிட்டார். மாதிரி கிடைத்த இடம் ஆந்திராவின் குத்தி ஊரில் ரயில்வே மரக்கிடங்கு. அப்புறம் நூறு ஆண்டுகளுக்கு மேல் அது கண்ணில் படவே இல்லை. 2001இல் அது மறுபடி அகப்பட்டது குத்தியில் அல்ல. சுமார் 100 கி.மீ. தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில். முதல் மாதிரி வெட்டிய மரத்தோடு சரக்கு ரயில் ஏறிக் குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. வளர்ப்புக்காகச் சிலந்தி விற்பவர்கள் இன்றும் அதைக் ‘குத்தி’ என்றுதான் அழைக்கிறார்கள்.

நாட்டெல்லையை இன எல்லையாகக் கருதுவதும் சரிப்படாது. 2004இல் ராமேஸ்வரத்து மாதிரியை வைத்துப் பெயரிடப்பட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா, பின்னாளில் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பதிவானது.

பெயர்ப் பட்டியலில் எத்தனை பெயர் உண்டோ அத்தனை இனம் என்று எண்ணிவிடுவதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. 1996இல் மட்டும் ஒரே இலங்கைச் சிலந்திக்கு ஸ்மிதி, போகாக்கி என்று இரண்டு பெயர்கள் வந்தன. நிலைத்தது ஸ்மிதி. பெடர்செனி என்ற இனப்பெயர் இப்போது விட்டாட்டா என்ற இனத்துக்குள் அடங்கிவிட்டது, பாரா என்பது சப்ஃபுஸ்காவுக்குள். பேரினத்தின் பெயரே இரண்டாவது பெயர்தான். சிலந்தி ஆய்வாளர் கோக் முதலில் வைத்த ஸ்குரியா ஏற்கெனவே ஒரு கடல் நத்தைப் பேரினத்துக்குப் போயிருந்ததால், இன்னொரு ஆய்வாளரான சிமோன் 1885இல் பொசிலோதீரியா என்று மாற்றினார். ஆகவே பழைய விலைப்பட்டியலில் ‘அரிய இனம்’ என்று ஒரு பெயர் இருந்தால், அது இன்றும் செல்லுபடியாகிறதா என்று உலகச் சிலந்திப் பட்டியலில் முதலில் பாருங்கள். 2019இல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், எல்லை தாண்டிய வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பழைய பெயரில் விற்றாலும் விலக்கு இல்லை.

டாரன்டுலா என்றாலே அமெரிக்க இனங்களை மனதில் வைத்துப் பேசுவது கடைசித் தவறு, ஆபத்தானதும்கூட. அவற்றில் பல, வயிற்றிலிருந்து அரிப்பு ரோமத்தை உதறித் தற்காத்துக்கொள்ளும், கடி பெரும்பாலும் லேசானது. பொசிலோதீரியாவுக்கு அந்த ரோமம் கிடையாது. வகைப்பாட்டிலும் அது தனித்து, பொசிலோதீரினே என்ற தன் துணைக்குடும்பத்தில் இருக்கிறது. சீண்டினால் நேராகக் கடிதான், அதுவும் மின்னல் வேகத்தில். கடிபட்டவர்களுக்குக் கடுமையான தசைப்பிடிப்பு வரும், சிலருக்கு அது நாள்கணக்கில் விட்டு விட்டுத் தொடரும். எனவே பொந்தில் கையை விடாதீர்கள். கண்ணாடிப் பெட்டியிலோ ஜன்னலிலோ ஏறி நிற்கும்போது அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். எந்த மரம், எந்த ஊர், எந்தத் தேதி என்பதையும் அதோடு எழுதி வையுங்கள்.