ஜப்பான் கார், பர்மா ரோடு: வீட்டிலேயே வண்டி பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்றவை. 2011-இல் இறக்குமதி விதிகள் தளர்ந்த பிறகு ப்ரோபாக்ஸ், ஃபிட், விஷ், எக்ஸ்-டிரெயில் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கின. கையேடு இருந்தால் அது ஜப்பான் மொழியில் இருக்கும்; பல வண்டிகளில் அதுவும் இல்லை. அதனால் நாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் வாசலிலும் கார் பேச்சு ஓடாத நாள் உண்டா? நல்ல பழக்கம்தான், நிறையப் பணத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் மாமாவின் ப்ரோபாக்ஸுக்குச் சரியாக இருந்த யோசனை உங்கள் ஃபிட்டின் கியர்பாக்ஸைக் காலி செய்துவிடும். நான் பார்க்கிற சேதங்களில் முக்கால்வாசி இப்படித்தான் வருகிறது: வேலை தெரியாததால் அல்ல, இன்னொரு வண்டிக்கான யோசனையைத் தன் வண்டியில் செய்ததால்.

அதனால் யார் என்ன சொன்னாலும், முதலில் வண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். ஆயில் மூடி, ரேடியேட்டர் மூடி, பிரேக் ஆயில் டப்பா மூடி எல்லாவற்றிலும் ஏதாவது அச்சிட்டிருக்கும். ஜப்பான் எழுத்தாக இருந்தால் போன் கேமராவே மொழிபெயர்த்துக் காட்டிவிடும். கதவோரத்தில் பழைய ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழித்துப் போடாதீர்கள். அதில் கிலோமீட்டரும் தேதியும் இருக்கும். தேதியில் பலர் ஏமாறுவது ஆண்டில்தான். ஜப்பானியர்கள் அரசரின் ஆட்சியாண்டில் எழுதுவார்கள். ஹெய்செய் 27 என்றால் 27-உடன் 1988-ஐக் கூட்டி 2015. ரெய்வா 3 என்றால் 2018-ஐக் கூட்டி 2021. அந்தக் கிலோமீட்டரை இப்போது மீட்டர் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே விற்றவர் சொன்னது உண்மையா என்பதும் தெரிந்துவிடும்.

எஞ்சின் ஆயிலுக்கு வருவோம். "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டியாக ஊத்து" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. பழைய லாரி எஞ்சினுக்கு அது பொருந்தலாம். ப்ரோபாக்ஸில் இருக்கும் 1என்இசட் போன்ற எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது, ஆயில் போகும் துவாரங்களும் மிகச் சிறியவை. 5டபிள்யூ-30 என்று கேட்கும் எஞ்சினில் குழம்பு மாதிரி ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறத் தாமதிக்கும். எஞ்சின் ரொம்ப ஓடி ஆயில் குடிக்கிறதா? ஒரு படி கெட்டியாக, 10டபிள்யூ-40 வரை போங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அளவிலும் ஒரு தப்பு நடக்கிறது. டின் 4 லிட்டர், ஆகவே 4 லிட்டரையும் ஊற்றிவிடுவது. இதே 1என்இசட் எஞ்சினுக்கு ஃபில்டரோடு மாற்றினாலே ஏறக்குறைய 3.7 லிட்டர்தான் வேண்டும். அதிகமானால் கிராங்க் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) அதை அடித்து நுரையாக்கும், சீல் வழியே கசியும். மூன்றரை லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது கட்டாயம். அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையமாகி, ஓட்டும்போது பிதுங்கி, மொத்த ஆயிலும் சில நிமிடங்களில் ரோட்டில் கிடக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் தொட்டதும் கையால் முக்கால் சுற்று முறுக்கினால் போதும். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். நீளமான ஸ்பேனரில் தொங்கி இறுக்காதீர்கள், மரை போய்விடும். வடித்த ஆயிலை வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மழைக்காலத்தில் அதே சாக்கடைத் தண்ணீர்தான் நம் வாசலில் ஏறி நிற்கிறது. டின்னில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுவதை இங்கே யாரும் தவறாகவே நினைப்பதில்லை. பனி விழாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். கூலன்ட் உறையாமல் காப்பது மட்டுமல்ல, உள்ளே அலுமினியம் அரிக்காமலும் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. டொயோட்டாவின் இளஞ்சிவப்பு (பிங்க்) கூலன்ட் ஏற்கெனவே கலந்து வருவது, அதற்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று இருந்தால் மாற்றும் மூடியும் 1.1 ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அழுத்தம்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியில் கொதிக்காமல் தடுக்கிறது. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிப்பதும் அதே காரணத்தால்தான். ஏப்ரல் வெயிலில், தண்ணீர்த் திருவிழா நெரிசலில் வண்டி சூடேறி நின்றுவிட்டால் யார் அவசரப்படுத்தினாலும் அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

சிவிடி (பல் சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் இயங்கும் ஆட்டோ) கியர்பாக்ஸ் ஆயில் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஹோண்டா ஃபிட்டிலேயே பழைய மாடல் எச்எம்எம்எஃப் கேட்கும், புதியது எச்சிஎஃப்-2 கேட்கும். நிசானுக்கு என்எஸ்-2, என்எஸ்-3. டொயோட்டாவுக்கு டிசி, எஃப்இ. "ஆட்டோ கியர் ஆயில் எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சாதாரண ஏடிஎஃப் (பழைய வகை ஆட்டோ கியர்பாக்ஸுக்கான ஆயில்) விற்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். உள்ளே ஒரு இரும்பு பெல்ட் வழுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஆயிலின் தன்மையால்தான்.

ஹெட்லைட்டைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. பர்மாவில் 1970-இல் சாலையின் வலது பக்கத்துக்கு மாறினோம். ஜப்பானில் இடது பக்கம் ஓட்டுகிறார்கள். அங்கே செய்த விளக்கின் டிம் வெளிச்சம் இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும்படி அமைந்திருக்கும், ஓரத்தில் நடப்பவர்கள் தெரிவதற்காக. நாம் வலது பக்கம் ஓட்டுவதால் அந்த ஏறிய வெளிச்சம் நேராக எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. இரவில் ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள்: வெளிச்சத்தின் மேல்கோடு இடது பக்கம் சாய்வாக ஏறுவது தெரியும். விளக்கின் பின்னால் உள்ள திருகில் அதைச் சற்றே கீழே இறக்கலாம். முழுத் தீர்வு இடது ஸ்டியரிங் மாடலின் விளக்கைப் பொருத்துவது, அது கிடைத்தால். செய்யவே கூடாதது, ஹாலஜன் விளக்கில் மலிவான எல்இடி பல்பைச் செருகுவது. ஒளி பிறக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் மாறினாலே பிரதிபலிப்பான் அதை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். உங்களுக்குப் பிரகாசமாகத் தெரியும், எதிரே வருகிற டாக்சிக்காரருக்குக் கண் இருண்டுவிடும்.

டயரில் இரண்டு விஷயம். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று பத்து வருடப் பழைய டயரைப் போட்டுக்கொண்டு மண்டலே நெடுஞ்சாலையின் காங்கிரீட்டில் வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது. இன்னொன்று, ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று வரும் ஸ்டட்லெஸ் டயர். பழைய டயர்க் கடையில் மலிவாக, புதுசு போலவே கிடைக்கும். ரப்பர் மிக மென்மையானது. நம் ரோட்டு வெயிலில் சீக்கிரம் தேயும், நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரை விடத் தள்ளிப்போய்தான் நிற்கும். பக்கவாட்டில் அந்தப் பெயரே எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். காற்றழுத்தம் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலில் இருந்தால், 220 என்பது 32 பி.எஸ்.ஐ.

யாங்கோனில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். காற்று இழுக்கும் வாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அது சுருங்காது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி ஓரம் கட்டி, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஹைபிரிட் வண்டிக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயர் இருக்கும் பக்கமே கை போகக் கூடாது.

ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் இல்லாமல் நுழைவது எந்த ஊரிலும் தப்புதான், மழையில் ஊறிய மண்ணில் இன்னும் ஆபத்து. பேட்டரி வாங்கும்போது 46பி24எல் என்பதில் கடைசி எழுத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எல்-லுக்குப் பதில் ஆர் வாங்கினால் முனைகள் இடம் மாறிவிடும், ஒயரை இழுத்து மாட்டப்போய் ஷார்ட் ஆகும்.

பெட்ரோல் பங்கில் 92 போடுவதா 95 போடுவதா என்ற சண்டைக்கு விடை சுலபம். ஜப்பானில் சாதாரண பெட்ரோலின் தரமே குறைந்தது 89 ஆக்டேன். சாதாரண பெட்ரோலுக்குச் செய்த ப்ரோபாக்ஸுக்கோ ஃபிட்டுக்கோ நல்ல பங்கில் வாங்கிய 92 தாராளம். பெட்ரோல் மூடியில் ஹை-ஆக்டேன் கேட்கும் வண்டிக்கு மட்டும் 95.

அந்த வித்தியாசப் பணத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கலோ மலையிலிருந்து தாசிக்கு இறங்கும்போது பெடல் தரை வரை போவதற்கு இது போதும். டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாமல், முதலில் பேடு தேய்ந்திருக்கிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று பாருங்கள். பேடு தேயத் தேய அளவு தானாகவே இறங்கும். இடையில் நிரப்பிவிட்டால், புதுப் பேடு போடும் நாளில் ஆயில் வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும்.