நேபாளி தட்டச்சு: ப்ரீதியா, யூனிகோடா?

நேபாளி அடிக்கக் கற்க உட்கார்ந்ததும் எந்தக் கீயில் எந்த எழுத்து என்று தேடாதீர்கள், முதலில் ப்ரீதியா யூனிகோடா என்று முடிவு செய்யுங்கள்.

ப்ரீதி பழைய டைப்ரைட்டர் வரிசையில் வந்த ஃபாண்ட். அதில் நீங்கள் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான், ஃபாண்ட் அதற்கு தேவநாகரி வேஷம் போடுகிறது, அவ்வளவே. நேபாள் என்று அடித்ததை ப்ரீதி இல்லாத கணினியில் திறந்தால் ஜி, ஒரு சதுர அடைப்பு, கே, எஃப், என் என்று நிற்கும். பாமினி என்ற பழைய ஃபாண்டில் தமிழ் அடித்தவர்களுக்கு இந்தக் கூத்து தெரியும். பழைய கோப்புகளோடு மல்லுக்கட்டும் வேலை என்றால் ப்ரீதியைப் பழகித்தான் ஆகவேண்டும். இல்லையென்றால், ஃபாண்ட் மாறினாலும் தேவநாகரி எழுத்தாகவே நிற்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு வந்துவிடுங்கள்.

நேபாளத்து லலித்பூரில் இருக்கும் மதன் புரஸ்கார் புஸ்தகாலயா என்ற நூலகம் யூனிகோடுக்கு டிரெடிஷனல், ரோமனைஸ்டு என இரண்டு லேஅவுட் (எந்தக் கீயில் எந்த எழுத்து என்ற அமைப்பு) தந்திருக்கிறது. ப்ரீதியில் கை பழகியவருக்கு முன்னது. புதிதாக வருபவருக்கு என் ஓட்டு ரோமனைஸ்டுக்கே.

தமிழ்க்காரர்களுக்கு இடறும் இடம், நம்முடைய ஒரே ‘க’வுக்கு அங்கே நான்கு எழுத்து. கே, ஷிப்ட்டோடு கே, ஜி, ஷிப்ட்டோடு ஜி என்று வரிசையாக அடித்துப் பாருங்கள், நான்கும் வந்துவிடும். ஷிப்ட் பிடித்தால் அதே எழுத்து மூச்சோடு வரும் என்ற இந்தக் கணக்கு ச, த, ப வரிசைகளுக்கும் பொருந்தும். ட வரிசைதான் க்யூவிலும் எக்ஸிலும் போய் ஒளிந்திருக்கிறது. தனி ‘அ’ ஷிப்ட்டோடு ஹெச்சில், ஏன் அங்கே என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அப்புறம் ஹலந்த், அதாவது நம் புள்ளி. அது சாய்கோட்டுக் கீயில் (/) இருக்கிறது. ‘நமஸ்தே’ அடிக்க என், எம், எஸ், சாய்கோடு, டி, ஈ. கூட்டெழுத்து எல்லாம் இப்படித்தான் பிறக்கிறது, ஆகவே முதல் வாரம் இதை மட்டும் அடித்துத் தள்ளுங்கள்.

குறில் இகரக் குறி திரையில் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஆனால் எழுத்தை அடித்த பிறகே அதை அடிக்கவேண்டும். ப்ரீதியில் நேர்மாறு, குறி முதலில். இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் விரல் குழம்பும், நான் குழம்பினேன்.