சிறு பீர் ஆலைகள் பெரிய நிறுவனங்களிடம் தோற்கும் இடங்கள்

அண்மையில் சொந்தமாக பீர் ஆலை தொடங்கிய இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தபோது, தன் பீரைச் சுவைக்கத் தருவதற்கு முன்பே ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்தார். ஒன்பதே மாதங்களில் தன் பீர் பதினோரு ஊர்களுக்குச் சென்றுவிட்டதாக ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் என் பீர் ஆலையின் அலுவலகச் சுவரிலும் அப்படியொரு வரைபடம் தொங்கியது; அதனால் நேர்ந்த இழப்பை நான் இன்னும் மறக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கலன்களைச் சரியாகக் கழுவாதது, உரிமத்தைத் தாமதமாகப் புதுப்பிப்பது போன்ற பிழைகளை முதல் ஆண்டின் அனுபவமே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விலையைக் குறைத்து மோதுவது

2008இல் இன்பெவ் என்ற பெரிய பீர் நிறுவனம் அமெரிக்காவின் ஆன்ஹைசர்-புஷ்ஷை வாங்கியது. 2016இல் அந்தக் கூட்டு நிறுவனம் எஸ்ஏபிமில்லர் என்ற மற்றொரு பெரிய பீர் நிறுவனத்தையும் தனதாக்கிக்கொண்டது. அந்த அளவில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) அலுமினியக் கேனும் கிடைக்கும் விலை சிறு ஆலைக்கு ஒருநாளும் கிடைக்காது. மேலும், ஒருமுறை பீர் காய்ச்சுவதற்கு ஆகும் வேலைநேரம் இரு தரப்புக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. கிடைக்கும் பீரின் அளவுதான் பல மடங்கு வேறுபடுகிறது. நீங்கள் விலையைக் குறைத்தால் அவர்கள் அதைவிடக் குறைத்து ஒரு பருவம் முழுவதும் தாக்குப்பிடிப்பார்கள்; உங்களால் ஒரு மாதம்கூட முடியாது.

கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் பீரை அனுப்புவது

என் ஆலையின் இரண்டாம் ஆண்டில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் தூக்கலாக இருந்த எங்கள் வெளிர் ஏல் (விரைவில் நொதிக்கும் வகை) பீர் ஆலையை ஒட்டிய மதுக்கூடத்தில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அப்போது இரண்டு நாள் பயணத் தொலைவில் இருந்த ஒரு விநியோகஸ்தர் மாதம் 600 பெட்டி வேண்டும் என்று கேட்டார். அந்த எண்ணைக் கேட்ட மகிழ்ச்சியில், அவருடைய கிடங்கில் குளிர்சாதன வசதி இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. கடன் வாங்கி மேலும் இரண்டு நொதிகலன்களை நிறுவினேன். முதல் மூன்று மாதங்களுக்குப் பணம் ஒழுங்காக வந்தது. நான்காம் மாதம் ஆர்டர் நின்றது. காரணம் புரியாமல் நேரில் சென்று பார்த்தபோது, எங்கள் கேன்கள் ஒரு கடையின் மேல்தட்டில், பாதி விலைக்கு என்று எழுதிய அட்டையின் கீழ் இருந்தன. ஒன்றை வாங்கித் தங்கியிருந்த அறையில் திறந்தேன். ஹாப்ஸ் மணம் முற்றிலும் போய், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை மட்டுமே எழுந்தது.

மறுநாள் கிடங்கைப் பார்த்தேன். தகரக் கூரையின் கீழ், கோடை வெப்பத்தில், எங்கள் பெட்டிகள் வாரக்கணக்கில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாட்கள் இருந்த பீருக்கும், 22 டிகிரியில் 30 நாட்கள் இருந்த பீருக்கும், 3 டிகிரியில் 300 நாட்கள் இருந்த பீருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மூப்பு ஏற்படுகிறது. கேனுக்குள் அடைபடும் ஆக்சிஜன் இந்தக் கேட்டை மேலும் விரைவுபடுத்துகிறது. அட்டை வாடைக்குக் காரணமாகச் சொல்லப்படும் டிரான்ஸ்-2-நோனெனால் என்ற சேர்மம், நூறு கோடி பங்கில் வெறும் 0.1 பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். கேனில் கரைந்த ஆக்சிஜனை நூறு கோடியில் 50 பங்குக்கும் கீழே வைத்திருக்கும் நிரப்பு இயந்திரங்கள் பெரிய நிறுவனங்களிடம் இருக்கின்றன. அன்று என்னிடம் அதை அளக்கும் கருவிகூட இல்லை. அவர்களுடைய வெளிர் லாகரில் (குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர்) இழப்பதற்கு ஹாப்ஸ் மணமும் அதிகம் கிடையாது. கடைக்கு வந்ததும் விரைவில் விற்றுத் தீர்ந்தும் விடுகிறது. நெடும்பயணம் அவர்களுடைய பீருக்கு ஏற்றது. அவர்களால் எளிதில் தர முடியாத புத்துணர்வு ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. அதை நானே லாரியில் ஏற்றி வெயிலுக்கு அனுப்பிவைத்தேன்.

எஞ்சிய சரக்கைத் திரும்ப வாங்கிக் கீழே ஊற்றினோம். கலன்களில் ஒன்றை நட்டத்துக்கு விற்றேன். கடனை அடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. பணத்தைவிட இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது வேறொன்று. அந்த 600 பெட்டிகளை நிரப்புவதற்காக இரண்டு வார இறுதிகளில் எங்கள் சொந்த மதுக்கூடத்தின் குழாய்கள் வறண்டுகிடந்தன. அரைமணி நேரப் பயணத்தில் இருந்த மதுக்கூடக்காரர் ஒருவர் மூன்று முறை கெக் (பீர் பீப்பாய்) கேட்டும் கிடைக்காமல், எங்கள் பீருக்கு ஒதுக்கியிருந்த குழாயை வேறொரு ஆலைக்குக் கொடுத்துவிட்டார். தொடக்கத்திலிருந்து எங்களை நம்பியவர் அவர். அந்தக் குழாய் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980இல் பீர் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா ஆலை, நாடறிந்த பெயரைப் பெற்ற பிறகும் கிழக்குப் பகுதிக்காக வட கரோலினாவில் இரண்டாவது ஆலையைக் கட்டியது. அவ்வளவு வளர்ந்தவர்களே பீரை நாடு முழுவதும் இழுத்துச் செல்வதைவிடக் குடிப்பவருக்கு அருகில் காய்ச்சுவது நல்லது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். என் அளவுகோல் எளியது: காலையில் கிளம்பி, கடையில் உள்ள கேனின் தேதியைப் பார்த்து, மதுக்கூடத்தில் ஒரு கோப்பையைச் சுவைத்து, இரவுக்குள் ஆலைக்குத் திரும்ப முடியாத ஊருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் பீரை அனுப்பக் கூடாது. ஒவ்வொரு கேனிலும் நிரப்பிய தேதியை அச்சிடுங்கள். ஹாப்ஸ் மணம் மிகுந்த பீர் தொண்ணூறு நாட்களைத் தாண்டினால் உங்கள் செலவிலேயே திரும்ப எடுங்கள். மதுக்கூடங்களின் பீர்க் குழாய்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவப்படுகின்றனவா என்பதையும் விசாரியுங்கள். குழாயில் படிந்த அழுக்கின் புளிப்பைக் குடிப்பவர் உங்கள் பெயரில்தான் எழுதிக்கொள்வார்.

ஒரே நேரத்தில் இருபது வகை

ஐந்து போதும், ஆனால் அந்த ஐந்தும் ஒவ்வொரு முறையும் அதே சுவையில் வர வேண்டும்.

பெரிய ஆலைகளின் பீரை இகழ்வது

வெளிர் லாகரைப் பல ஆலைகளிலும் பல நாடுகளிலும் ஒரே சுவையில் காய்ச்சுவது மிகக் கடினமான வேலை. ஒரு சிறு பிழையை மறைக்கக்கூட அதில் இடமில்லை. அதைத் தண்ணீர் என்று ஏளனம் செய்தவர்களின் பீரில் நொதித்தல் முழுமையாகாதபோது எஞ்சும் டைஅசிட்டைல் என்ற சேர்மத்தின் வெண்ணெய் மணத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதே லாகரைக் காய்ச்சி அவர்களை வெல்ல நினைப்பதும் தவறு. ஏல் இரண்டு, மூன்று வாரங்களில் கலனைவிட்டு வெளியேறும் நேரத்தில், லாகர் நான்கு முதல் ஆறு வாரங்கள் அதே கலனைப் பிடித்துவைத்திருக்கும்.

சிறிய ஆலை என்பதையே விற்பது

பெரிய பீர் நிறுவனமான கூர்ஸ், சிறு ஆலையின் பீர் போலத் தோன்றும் புளூ மூனை 1995இல் கொண்டுவந்தது. சிகாகோவில் தனி ஆலையாக இருந்த கூஸ் ஐலண்டை ஆன்ஹைசர்-புஷ் 2011இல் வாங்கியது. அலமாரியின் முன் நிற்பவருக்கு எந்த பீர் யாருடையது என்று தெரிவதில்லை. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமில்லாத சுதந்திர ஆலைகளை அடையாளம் காட்ட, அமெரிக்காவின் சிறு ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் 2017இல் ஒரு முத்திரையை வெளியிட்டதற்கும் இதுவே காரணம். ஆலை சிறியது என்று சொல்வதைவிட, இந்த பீர் சென்ற செவ்வாய்க்கிழமை நிரப்பப்பட்டது என்று சொல்வது வாங்குபவருக்குப் பயன்படும்.

விநியோக ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

வழக்கறிஞரிடம் காட்டுங்கள், குறிப்பாக விலகும் விதியை.

வரைபடத்தோடு வந்த இளைஞரின் பதினோரு ஊர்களில், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை நான்குதான். மீதி ஏழு ஊர்களின் கடைகளில் இருக்கும் கேன்களின் தேதிகளை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.